விஎம் பூட் ஆகவில்லையா? திரையின் கடைசி வரியைப் படியுங்கள்

புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம், கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) உருவாக்கி, டவுன்லோடு செய்து வைத்திருந்த ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது இன்ஸ்டாலேஷன் சிடியின் ஃபைல் வடிவத்தைக் கொடுத்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து வந்து அப்படியே நிற்கிறது. உடனே என்ன செய்கிறோம்? விஎம்மை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குகிறோம். அதுவும் அதே இடத்தில் நிற்கிறது. அப்புறம் விஎம்மை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸையே அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுகிறோம், அதுவும் உதவவில்லை என்றால் விஎம்வேர் போட்டுப் பார்க்கலாம் என்று கிளம்புகிறோம். நானும் இதையெல்லாம் செய்தவன்தான். இத்தனை வேலைக்கு நடுவிலும் அந்த இரண்டு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படிப்பதே இல்லை.

அந்த வரி எதற்காக வருகிறது என்று புரிய, பூட் ஆகும்போது உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்.

ஒரு கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் எழுவதில்லை. ஒருவர் எழுந்து அடுத்தவரைத் தட்டி எழுப்ப, அவர் எழுந்து இன்னொருவரை எழுப்ப, இப்படித்தான் போகும். முதலில் எழுவது ஆரம்ப மென்பொருளான ஃபர்ம்வேர், அதாவது பழைய பயாஸ் அல்லது புதிய யூஈஎஃப்ஐ. விஎம்முக்குள்ளும் ஒரு ஃபர்ம்வேர் உண்டு, அது உங்கள் மதர்போர்டில் இருக்கிற ஃபர்ம்வேர் இல்லை, விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் தன் பங்குக்குக் கொடுக்கும் தனி ஃபர்ம்வேர். என்னென்ன டிஸ்க் மாட்டியிருக்கிறது, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் அதற்குப் பெரிதாக எதுவும் தெரியாது. அது தேடிப் பிடித்து எழுப்புவது பூட்லோடரை. பூட்லோடர், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் (ஓஎஸ்) மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன ஆரம்ப மூட்டையையும் மெமரியில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கெர்னல் எழுந்து டிஸ்க், ஸ்கிரீன், கீபோர்டு எல்லாவற்றையும் அடையாளம் கண்டு, கடைசியாக இன்ஸ்டாலரை எழுப்பும். நமக்குத் தெரிகிற அந்த 'மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' திரை வருவதற்குள் இவ்வளவும் நடந்திருக்கும்.

அதனால், திரையில் கடைசியாகத் தெரியும் வரியை எழுதியது யார் என்று கண்டுபிடித்தால், எழுப்புகிற வேலை எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். ஃபர்ம்வேர் எழுதிய வரி என்றால் கெர்னலைச் சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை, கெர்னல் இன்னும் எழவே இல்லை. கெர்னல் எழுதிய வரி என்றால் ஐஎஸ்ஓவைக் கழற்றி மாட்டுவதும் பூட் ஆர்டரை மாற்றுவதும் வீண் வேலை, அந்தக் கட்டம் தாண்டியாகிவிட்டது.

முதல் கட்டத்தில் நிற்பதுதான் மிகச் சாதாரணம். விர்ச்சுவல்பாக்ஸில் 'நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்' என்று வரும். கியூஈஎம்யூ என்ற இன்னொரு விஎம் மென்பொருளில் 'நோ பூட்டபிள் டிவைஸ்'. விஎம்வேரில் 'ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்'. எல்லாம் ஒரே பேச்சுதான்: பார்க்கச் சொன்ன இடமெல்லாம் பார்த்துவிட்டேன், எழுப்ப ஆள் இல்லை. பழைய பயாஸ் முறையில் இந்தத் தேடல் மிக எளிமையானது. ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும், அதன் கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்ற அடையாளமா என்று பார்க்கும். இருந்தால் அந்த 512 பைட்டின் தொடக்கத்தில் இருக்கிற நிரலை ஓட்டும், இல்லையென்றால் அடுத்த டிரைவுக்குப் போய்விடும். நீங்கள் இப்போதுதான் உருவாக்கிய விர்ச்சுவல் டிஸ்க்கில் முழுக்க வெறும் பூஜ்ஜியம், அதனால் அது தானாகவே கழிந்துவிடும். மிச்சம் இருப்பது சிடி டிரைவ். அதுவும் காலி என்றால் ஃபர்ம்வேரும் பாவம் என்னதான் செய்யும்?

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. முதல் இன்ஸ்டாலேஷனில் பூட் ஆர்டர் பெரும்பாலும் குற்றவாளி இல்லை, டிஸ்க் காலியாக இருப்பதால் வரிசையில் அது முன்னால் இருந்தாலும் தாண்டித்தான் போகும். ஆனாலும் எல்லோரும் முதலில் போய் பூட் ஆர்டரைத்தான் நோண்டுவார்கள். விர்ட்-மேனேஜர் (லினக்ஸில் விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) போன்ற இடங்களில் பூட் பட்டியலில் சிடிராமுக்கு டிக் போடாமலே விட்டிருக்கலாம், அப்போது மட்டும் அது கணக்கில் வரும்.

நீங்கள் பார்க்க வேண்டியது விஎம்மின் ஸ்டோரேஜ் செட்டிங்ஸ். அங்கே சிடி படத்துக்குப் பக்கத்தில் 'எம்ப்டி' என்று இருந்தால் ஐஎஸ்ஓ மாட்டவே இல்லை என்று பொருள். ஐஎஸ்ஓ ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்தாலும், பெயர் மாற்றியிருந்தாலும் இணைப்பு அறுந்துபோகும். விர்ட்-மேனேஜரில் இன்னொரு குழி உண்டு: இன்ஸ்டாலேஷனை நடுவில் நிறுத்திவிட்டு அதே விஎம்மை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிடி டிரைவ் காலியாக இருக்கலாம், ஏனென்றால் அது முதல் பூட்டுக்கு மட்டும் ஐஎஸ்ஓவை மாட்டிவிட்டுப் பிறகு கழற்றிவிடும். 'நேற்று வரைக்கும் பூட் ஆச்சே' என்று தலையைச் சொறிய வைக்கிற விஷயம் இது.

சரி, ஐஎஸ்ஓ மாட்டித்தான் இருக்கிறது, ஆனாலும் அதே வரி. அப்போது ஃபைலே சரியில்லாமல் இருக்கலாம். முதலில் அளவைப் பாருங்கள், டவுன்லோடு பக்கத்தில் 5 ஜிபி என்று போட்டிருக்க உங்களிடம் 1.3 ஜிபி இருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. அளவு சரியாக இருந்தாலும் நடுவில் சில பைட் கெட்டிருக்கலாம். அதற்குத்தான் அந்தப் பக்கத்திலேயே எஸ்ஹெச்ஏ256 என்று 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் (அதோடு ஹேஷ்ஃபைல், எஸ்ஹெச்ஏ256 என்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்), லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் என்று கட்டளைகள் இருக்கின்றன, ஃபைலைக் கொடுத்தால் அதே போன்ற 64 எழுத்தைக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் ஃபைல் வேறு. கெட்ட ஐஎஸ்ஓவின் குறும்பு என்னவென்றால், அது எப்போதும் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொள்ளாது. பூட்லோடர் நன்றாக வரும், கெர்னலும் எழும், அப்புறம் பாதி இன்ஸ்டாலேஷனில் 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று கொட்டும். ஒரு முறை ஒரு சாயங்காலம் முழுக்க ரேமைக் கூட்டி, குறைத்து, டிஸ்க் வகையை மாற்றி மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் செக்சம், அதாவது அந்த 64 எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை.

முதல் கட்டத்திலேயே இன்னொரு முகமும் உண்டு. திரையில் 'பிஎக்ஸ்ஈ' என்றும் 'டிஹெச்சிபி' என்றும் வரிகள் ஓடும், நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போவோம். அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தம் இல்லை. டிஸ்க்கிலும் சிடியிலும் யாரும் கிடைக்காததால் ஃபர்ம்வேர் நெட்வொர்க்கிலாவது யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். பிஎக்ஸ்ஈ வரியைப் பார்த்தால் ஐஎஸ்ஓ பக்கம் திரும்புங்கள்.

விண்டோஸ் ஐஎஸ்ஓ என்றால், பிஎக்ஸ்ஈ வரி வருவதற்கு இன்னும் அல்பமான காரணம் இருக்கலாம். விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும்போது 'பிரஸ் எனி கீ டு பூட் ஃபிரம் சிடி ஆர் டிவிடி' என்று ஒரு வரி வந்து சில விநாடி காத்திருக்கும். அதற்குள் எதையாவது அழுத்தாவிட்டால் டிஸ்க்கை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விடும். நிஜ மெஷினில் கீபோர்டு முன்னால் இருக்கும், தட்டிவிடுவோம். விஎம்மில் என்ன ஆகிறது என்றால், ஸ்டார்ட் கொடுத்த பிறகு விண்டோ திறப்பதற்குள் அந்த வரி வந்து போய்விடுகிறது, அல்லது நாம் கீயை அழுத்துகிறோம் ஆனால் மவுஸால் விஎம் விண்டோவுக்குள் கிளிக் செய்யாததால் அந்த அழுத்தம் வெளியே உள்ள சிஸ்டத்துக்குப் போகிறது. மைக்ரோசாஃப்ட்டின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-வியின் ஜெனரேஷன் 2 மெஷின்களில் இது தினசரிக் கதை. வழி எளிது: விஎம் விண்டோவை முதலில் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஸ்டார்ட் கொடுத்து, உள்ளே ஒரு கிளிக், உடனே ஸ்பேஸ்பாரை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். மவுஸை வெளியே எடுக்க விர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல், விஎம்வேரில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து.

எதற்காக இப்படி ஒரு தொல்லை என்று நான் ரொம்ப நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபைல்களை டிஸ்க்கில் காப்பி செய்த பிறகு தானாக ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யும், அப்போதும் ஐஎஸ்ஓ மாட்டியபடியே இருக்கும். அந்த இரண்டாவது முறை யாரும் கீயை அழுத்தாமல் விட்டால்தான் அது ஹார்டு டிஸ்க்கிலிருந்து எழுந்து மிச்ச வேலையைத் தொடரும். ஆக, முதல் முறை அழுத்த வேண்டும், இரண்டாம் முறை அழுத்தவே கூடாது. அழுத்திவிட்டு, இன்ஸ்டாலேஷன் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே என்று புலம்புகிறவர்களும் உண்டு.

இப்போது அடுத்த வகை. பூட்லோடர் வந்துவிட்டது, மெனுவில் இன்ஸ்டால் என்று தேர்ந்தெடுத்தீர்கள், உடனே 'திஸ் கெர்னல் ரெக்வயர்ஸ் அன் எக்ஸ்86-64 சிபியூ, பட் ஒன்லி டிடெக்டட் அன் ஐ686 சிபியூ' என்று ஒரு வரி. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது நல்ல 64 பிட் பிராசஸர்தான், ஆனால் விஎம்முக்குக் காட்டப்படுவது 32 பிட். விஎம் உருவாக்கும்போது ஓஎஸ் வகையில் 32 பிட்டைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அதை மாற்றினால் போதும். மாற்றப் போனால் பட்டியலில் 64 பிட் என்ற பேச்சே இல்லையா? அப்படியானால் பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி மூடியிருக்கிறது.

இந்த வசதி இன்டெல் பிராசஸர்களில் விடி-எக்ஸ் என்ற பெயரிலும் ஏஎம்டியில் ஏஎம்டி-வி என்ற பெயரிலும் 2005, 2006 வாக்கிலேயே வந்துவிட்டது. ஆனால் பல மெஷின்களில் இதை மூடி வைத்தே விற்பார்கள். பழைய விர்ச்சுவல்பாக்ஸ் இது இல்லாமலும் 32 பிட் ஓஎஸ்களை எப்படியோ ஓட்டிவிடும், 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து அந்த வழியை எடுத்துவிட்டார்கள், இப்போது இது இல்லாமல் விஎம் எழாது. 'விடி-எக்ஸ் இஸ் டிஸேபிள்ட் இன் தி பயாஸ்' என்ற பெட்டி வருவது அதனால்தான். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டால் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். அதில் 'டிஸேபிள்ட்' என்றிருந்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து நிஜ பயாஸுக்குள் போக வேண்டும், விஎம்மின் பயாஸ் இல்லை, உங்கள் மெஷினின் பயாஸ். இன்டெல்லில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்' என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே விடி-டி என்றும் ஒன்று இருக்கும், பெயர் ஒட்டியிருந்தாலும் வேலை வேறு, சாதாரண விஎம்முக்கு அது தேவையில்லை.

'எனேபிள்ட்' என்றே இருக்கிறது, ஆனாலும் விஎம் தடுமாறுகிறதா? விண்டோஸ் அந்த வசதியை ஏற்கெனவே தனக்காகப் பிடித்து வைத்திருக்கலாம். ஹைப்பர்-வி, டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), மெமரி இன்டெக்ரிட்டி (ஒரு பாதுகாப்பு வசதி), இவற்றில் ஒன்று ஓடினாலும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு நேரடி அனுமதி கிடைக்காது, ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அப்போது விஎம் விண்டோவின் கீழ்ப் பட்டையில் ஒரு பச்சை ஆமை தெரியும். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆமைப் படம். ஆமை தெரிந்தால் விஎம் ஓடலாம், ஆனால் மெதுவாக ஓடும், சில ஓஎஸ்கள் பூட் ஆகும்போதே தொங்கிவிடும்.

பிராசஸரின் இனமே வேறாக இருந்தாலும் பூட் ஆகாது. ஆப்பிளின் எம்1 வகை மேக்கில் இருப்பது ஆர்ம் பிராசஸர், அதில் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கான சாதாரண ஏஎம்டி64 ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் மாட்டியதையே கண்டுகொள்ளாது. ஆர்ம்64 என்று பெயரில் இருக்கிற ஐஎஸ்ஓவை எடுங்கள்.

அடுத்தது எனக்குப் பிடித்த குழப்பம், பயாஸா யூஈஎஃப்ஐயா என்பது. இரண்டும் பூட்லோடரைத் தேடும் விதமே வேறு. பயாஸ் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் பார்க்கும் என்று மேலே சொன்னேன். யூஈஎஃப்ஐ அந்த இடத்திலிருந்து எதையும் ஓட்டாது. ஃபேட் வகையில் ஃபார்மேட் செய்த ஒரு சின்ன பார்ட்டிஷனைத் தேடி, அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். ஐஎஸ்ஓவில் அந்த ஃபைல் இல்லையென்றால், எவ்வளவு நல்ல ஐஎஸ்ஓவாக இருந்தாலும் யூஈஎஃப்ஐக்கு அது வெறும் டிஸ்க்தான். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய ஓஎஸ்ஸை ஆசைக்குப் போட்டுப் பார்க்க நினைத்து, விஎம் செட்டிங்ஸில் ஈஎஃப்ஐ (யூஈஎஃப்ஐயைத்தான் அப்படிக் குறித்திருக்கும்) டிக் போட்டு வைத்திருந்தால் காலம் பூராவும் பூட் ஆகாது. அப்போது பெரும்பாலும் மஞ்சள் எழுத்தில் ஏதேதோ பட்டியலும் கீழே 'ஷெல்>' என்றும் வந்து நிற்கும். அது யூஈஎஃப்ஐயின் சொந்தக் கட்டளைத் திரை, பூட் செய்ய எதுவும் கிடைக்காதபோது அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். 'எக்ஸிட்' என்று தட்டினால் செட்டிங்ஸ் மெனுவுக்குப் போகலாம்.

பயாஸ் முறையில் இன்ஸ்டால் செய்துவிட்டு, ஓஎஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ படித்துவிட்டு ஈஎஃப்ஐ டிக் போட்டால் அடுத்த பூட்டில் இதே ஷெல் திரைதான். ஓஎஸ் எங்கும் போய்விடவில்லை, டிக்கை எடுத்தால் திரும்ப வந்துவிடும். ஹைப்பர்-வியில் இந்தச் சலுகை கிடையாது, ஜெனரேஷன் 1 என்றால் பயாஸ், ஜெனரேஷன் 2 என்றால் யூஈஎஃப்ஐ, உருவாக்கும்போது தேர்ந்தெடுத்ததைப் பிறகு மாற்ற முடியாது. அங்கே லினக்ஸ் போடுகிறவர்கள் செக்யூர் பூட்டையும் (நம்பகமான கையெழுத்து உள்ள பூட்லோடரை மட்டும் ஓட்டும் வசதி) கவனிக்க வேண்டும்: அதன் டெம்ப்ளேட் 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்' என்றே இருந்தால் லினக்ஸ் பூட்லோடரின் கையெழுத்தை ஏற்காது, 'மைக்ரோசாஃப்ட் யூஈஎஃப்ஐ சர்டிஃபிகேட் அத்தாரிட்டி' என்று மாற்றினால் ஏற்கும். விண்டோஸ் 11 நேர் எதிர், அது செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி டிஸ்க்கும் கேட்கும், இல்லையென்றால் இன்ஸ்டாலர் வரைக்கும் வந்துவிட்டு இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று சொல்லிவிடும். விர்ச்சுவல்பாக்ஸில் டிபிஎம் வசதி 2022இல் வந்த 7.0 பதிப்பில்தான் சேர்ந்தது, பழைய பதிப்போடு போராட வேண்டாம்.

கெர்னல் எழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம், திரையில் சதுர அடைப்புக்குள் விநாடிக் கணக்கோடு வரிகள் மளமளவென்று ஓடுவது. அதற்குப் பிறகு 'கெர்னல் பேனிக்' என்று நின்றால் ரேமைப் பாருங்கள். மெமரி போதாமல் இனிட்ராம்எஃப்எஸ் மூட்டை முழுதாகப் பிரியவில்லை என்றால், 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்று டிஸ்க் பிரச்சினை மாதிரியே ஒரு வரி வந்து நம்மை வேறு திசைக்கு அனுப்பிவிடும். 512 எம்பி கொடுத்துவிட்டு இன்றைய டெஸ்க்டாப் லினக்ஸ் எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி கொடுங்கள், பிராசஸரும் இரண்டாகக் கொடுங்கள்.

பேனிக் எதுவும் இல்லை, வெறும் கறுப்புத் திரை, ஆனால் ஹோஸ்ட்டில் (விஎம்மைத் தாங்கும் நிஜக் கம்ப்யூட்டரில்) சிபியூ ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் ஓஎஸ் எழுந்துவிட்டது, முகம்தான் தெரியவில்லை. செட்டிங்ஸில் 3டி ஆக்சிலரேஷனை எடுத்துவிட்டுப் பாருங்கள், கிராபிக்ஸ் கன்ட்ரோலரை மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் இதைச் செய்யலாம். லினக்ஸ் பூட்லோடரான கிரப்பின் மெனு வந்ததும் அம்புக்குறியால் இன்ஸ்டால் வரியின் மேல் நின்று, ஆங்கில 'ஈ' கீயை ஒரு தட்டு. ஒரு சின்ன எடிட்டர் திறக்கும். அதில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவரின் சாகசம் எதுவும் இல்லாமல் சாதாரணமாகத் திரையைக் காட்டச் சொல்கிறோம். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் இது செல்லும், எதுவும் கெட்டுப்போகாது.

எல்லாம் முடிந்து, இன்ஸ்டால் ஆகி, ரீஸ்டார்ட் கொடுத்தால் மறுபடி இன்ஸ்டாலரே வந்து நிற்கிறதா? இப்போதுதான் பூட் ஆர்டர் நிஜமாகவே குற்றவாளி. சிடி முன்னால் இருக்கிறது, டிஸ்க் பின்னால். ஐஎஸ்ஓவைக் கழற்றுங்கள், போதும். இன்னொன்று, நன்றாக ஓடும் விண்டோஸ் விஎம்மின் டிஸ்க்கை வேறு விஎம்முக்கு மாற்றும்போது முன்பு சாட்டாவில் (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) இருந்ததை ஐடிஈயில் (அதைவிடப் பழைய முறை) மாட்டினாலோ, ஐடிஈயில் இருந்ததை சாட்டாவில் மாட்டினாலோ 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வரலாம், பழையபடியே மாட்டினால் சரியாகும். லினக்ஸின் விஎம் வசதியான கேவிஎம்மில் வர்ட்ஐஓ என்ற வகை டிஸ்க் கொடுத்தால் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது, அதற்கான டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி 'லோட் டிரைவர்' கொடுக்க வேண்டும்.

வரிகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடி மறைந்தால், விஎம் விண்டோவை ஃபோனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் விஎம் ஃபோல்டருக்குள் லாக்ஸ் என்ற ஃபோல்டரில் விபாக்ஸ்.லாக் என்று ஒரு ஃபைல் இருக்கும், விஎம்வேரில் விஎம்வேர்.லாக். யாரிடமாவது உதவி கேட்கப் போனால் அந்தக் கடைசி வரியை எழுத்து மாறாமல் கொடுங்கள், கூடவே ஐஎஸ்ஓவின் முழுப் பெயர், ஈஎஃப்ஐ டிக் போட்டதா இல்லையா, உங்கள் பிராசஸர் எது, இந்த மூன்றையும். 'பூட் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால், பதில் சொல்கிறவரும் முதலில் இவற்றைத்தான் திருப்பிக் கேட்பார்.